வீரையார் வந்த காதுகுத்து

நரிக்கரட்டுப்பட்டிக்காரர்களிடம் போய், காடு எப்படி நடந்து ஊருக்குள் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். வெற்றிலை பாக்கு வைத்து வாய் நிறைய அழைத்தால் யாராக இருந்தாலும் வரத்தானே செய்வார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பார்கள். அந்த ஊரில் இன்றுவரை தீராத வழக்கு, காடு எப்படி வந்தது என்பதல்ல. வந்தவர்களுக்கு முதல் செம்புத் தண்ணீர் கொடுத்தது மேலத்தெருவா கீழத்தெருவா என்பதுதான். அதில் இரண்டு தெருவும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஊருக்கு மேற்கே கிடக்கிறது நரிக்கரடு, கல்லும் புதருமான ஒரு சின்னக் குன்று. அதற்கும் மேற்கே, தூரத்தில், பெரிய மலை. மழை என்று ஒன்று வந்தால் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களே முழுவதையும் வாங்கிக்கொள்வார்கள். இந்தப் பக்கத்துக்கு வந்து சேருவது மண்வாசனையும் கொஞ்சம் இடிச்சத்தமும்தான். சித்திரை வைகாசியில் பாறை வெடிக்கிற சத்தம் கேட்கும், ஓணான்கூட ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துத்தான் நடக்கும். ஆனாலும் கரடு முழுக்கப் பச்சை. வீரை, காசான், விராலி, களா என்று ஆள் உயரத்துக்கு மேல் வளர மறுத்த புதர்கள், தோல் மாதிரித் தடித்த இலையோடு, எந்த வெயிலிலும் இலை பழுத்து நின்றதாகப் பேர் வாங்காமல், ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நிற்கும். ஆடு கடித்தால் பக்கவாட்டில் வளரும், வெட்டினால் அடித்தூரிலிருந்து நான்காக முளைக்கும், தீப்பிடித்தால் ஒரு மாதம் கறுப்பாகக் கிடந்துவிட்டு, கோபம் தணிந்ததும் மறுபடி பச்சையாகும். யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை.

அந்தக் கரட்டில்தான் ஒச்சம்மாள் தன் பதினெட்டு ஆடுகளை மேய்த்தாள். கரடு நடுவில் கொஞ்சம் தாழ்ந்து கணவாய் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் இடுப்பு வளைந்த ஒரு கிழட்டு வீரை நின்றது. அதன் வளைவில் உட்கார்ந்துதான் அவள் மத்தியானக் கூழைக் குடிப்பாள். கணவாய்க்கு இந்தப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அந்தப் பக்கம் அவள் பிறந்த கள்ளிமேடு, அதில் முதல் வீடு அவள் அண்ணன் மொக்கராசு வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் இடையில் புதர் அடைத்துக்கொண்டிருந்ததால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு தெரியாது. தெரியாமல் இருந்ததும் நல்லதற்குத்தான், ஏனென்றால் அண்ணனும் தங்கச்சியும் பேசி எட்டு வருடம் ஆகிறது.

சண்டை பெரிய சண்டை ஒன்றுமில்லை, அதனால்தான் தீரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மொக்கராசு வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பத்திரிகையைக் கொண்டுவந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் நிற்கவைத்து அழைப்பதற்குப் பதிலாக, வாட்ஸப்பில் படமாக அனுப்பிவிட்டான். நூற்று நாற்பது பேருக்கு அனுப்பியதில் அவளும் ஒருத்தி. படத்துக்குக் கீழே இரண்டு கை கூப்பிய மாதிரி ஒரு பொம்மை. "கும்புடுற கையக்கூட அவன் கையா அனுப்பல, எவன் கையவோ மஞ்சளா அனுப்பிருக்கான்" என்று சொல்லி ஒச்சம்மாள் போகவில்லை. கூடப்பிறந்தவளுக்கு எதற்கு வெற்றிலை என்று அவன் ரோசப்பட்டு, இனிமேல் அவள் வாசலை மிதிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

அப்போது ஒச்சம்மாளின் மகள் யாழினி மூன்று மாதக் குழந்தை. இப்போது மூன்றாம் வகுப்பு. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்த முடியும்? பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று அண்ணன் முறைக்காரர்கள் நாலைந்து பேர் மடியைத் தர முன்வந்தார்கள். கூடப்பிறந்தவன் கல்லுப்போல இருக்கும்போது இரவல் மடி எதற்கு என்று ஒச்சம்மாள் மறுத்துவிட்டாள். யாழினி பொட்டை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், நெற்றியில் ஒன்று, காதில் இரண்டு.

கடைசியில் ஒச்சம்மாள்தான் இறங்கி வந்தாள். வைகாசி இருபத்திரண்டு, புதன்கிழமை என்று நாள் குறித்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, பட்டுச்சேலை உடுத்தி, கணவாய் ஏறி இறங்கிக் கள்ளிமேட்டுக்குப் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணி மில்லு வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே டிவி சத்தம் நின்றது. பிறகு, பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்று, "மொக்கராசு வீட்டுல இல்ல" என்றது.

"எப்ப வருவாரு?" என்று கேட்டாள் ஒச்சம்மாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"தெரியல. சொல்லிட்டுப் போகல" என்றது அதே குரல்.

அழைக்கக் கிளம்பிய தட்டை யாருக்கும் வைக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அந்தப் பக்கத்தில் ஆகாது. விசேஷமே தட்டிப்போகும் என்பார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒச்சம்மாள் கணவாய்க்கு வந்து, வீரையின் நிழலில் நின்று, கொஞ்சம் அழுது, கொஞ்சம் திட்டி, பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தட்டை இரண்டு கையாலும் வீரைக்கு முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, வர்ற இருபத்திரண்டாந்தேதி புதன்கிழமை ஒங்க மருமகளுக்குக் காதுகுத்து. நீங்க குடும்பத்தோட, சாதிசனத்தோட, நண்டுசிண்டு ஒண்ணு விடாம, விடியமுன்னே வந்து, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அண்ணனிடம் சொல்வதற்காக எட்டு நாளாக மனப்பாடம் செய்த வாசகம் அது, ஒரு சொல் குறையாமல் சொன்னாள். வெற்றிலை பாக்கைக் கிளை பிரிகிற இடத்தில் வைத்துவிட்டு, வெறும் தட்டோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஆட்டோடு போனபோது வெற்றிலை இல்லை. ஆடு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசி இருபத்திரண்டு காலையில் சாணித்தண்ணீர் வாளியோடு கதவைத் திறந்தவளுக்கு, தெளிப்பதற்குத் தரை தெரியவில்லை. வாசலில் முதல் ஆளாக இடுப்பு வளைந்த வீரை நின்றது. கிளை பிரிகிற இடத்தில் அவள் வைத்த வெற்றிலை வாடாமல் இருந்தது. அதற்குப் பின்னால் காசானும் விராலியும் களாவும், வேரைச் சேலைக் கொசுவம் மாதிரிச் சுருட்டிச் செருகிக்கொண்டு, தெரு முழுக்க, பஸ் ஸ்டாப் தாண்டி, ஊரணிக்கரை வரைக்கும் வரிசையாக நின்றன. கவுதாரி, முயல், கீரி, ஒரு முள்ளம்பன்றி, உடும்பு இரண்டு, நண்டுசிண்டு ஒன்று விடவில்லை. மேற்கே நரிக்கரடு மொட்டை அடித்துவிட்டு வந்த தலை மாதிரி வெளுப்பாக இருந்தது. யாரும் அசையவில்லை. அழைத்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி உள்ளே நுழைவது என்று நிற்கிற விருந்தாளிகளின் தயக்கம் அது, பார்த்தாலே தெரிந்தது.

ஒச்சம்மாளின் புருஷன் தங்கமலை வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"யாரு புள்ள இவுக?"

"எங்கண்ணன் வீட்டு ஆளுக" என்றாள் ஒச்சம்மாள். அந்த நேரத்துக்கு அவளுக்கு வேறு பதில் கிடைக்கவில்லை, யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. வாளியைக் கீழே வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், "வாங்கண்ணே, வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள். தெரு முழுக்க இலைகள் ஒரு தரம் சலசலத்தன. கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. தங்கமலை நுரையைத் துப்பிவிட்டு, "வாங்க மச்சான்" என்றான்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஆச்சரியப்பட நேரம் இருக்கவில்லை, வேலை அப்படி. நடந்து வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருவதோ வாரத்துக்கு ஒரு நாள். ஒரு குடத்துக்கு ஒருவர் மயிரை ஒருவர் பிடிக்கிற மேலத்தெருப் பெண்களும் கீழத்தெருப் பெண்களும் அன்றைக்குப் போட்டி போட்டுக்கொண்டு சேமித்த குடங்களை எல்லாம் கொண்டுவந்து வேர் வேராக ஊற்றினார்கள், நம்ம ஊருக்கு வந்துவிட்டுத் தாகத்தோடு போனார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. சமையல்காரர் பரமன் கரண்டியோடு வந்து பந்தலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"முந்நூறு பேருக்குச் சொன்ன, ஒச்சு. இதுல மூவாயிரம் நிக்குது. இவுகளுக்கு எலை போடுறதா வேணாமா?"

"சாம்பார்ல உப்பு இருக்கு, வேருக்கு ஆகாதுண்ணே. கழனித்தண்ணி குடுப்போம்" என்றான் தங்கமலை.

"மாட்டுக்கு ஊத்துறதையா மாமன் வீட்டுக்கு ஊத்துவ?" என்று பரமன் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே அதில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார்.

அடுத்தது கிடாய்ப் பிரச்சினை. விருந்துக்காகக் கட்டியிருந்த மூன்று கிடாய்களும் குட்டியிலிருந்து இந்த விருந்தாளிகளைக் கடித்தே வளர்ந்தவை. அவற்றை இவர்கள் கண்முன்னால் வெட்டுவது மரியாதைக் குறைச்சலா, அல்லது அதுதான் இவர்களுக்குச் செய்கிற பெரிய மரியாதையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, கயிற்றை அறுத்துக்கொண்ட ஒரு கிடாய் பந்தலுக்குள் புகுந்து, முன்வரிசையில் நின்ற ஒரு காசானின் காதோரத்தில் ஒரு வாய் பிய்த்துவிட்டது. ஒச்சம்மாள் ஓடிப்போய் அதன் முகத்தில் ஓர் அறை விட்டு, "கோவிச்சுக்காதீங்க மதினி, அதுக்கு என்ன தெரியும்" என்று காசானின் கிளையைத் தடவிக் கொடுத்தாள். அது பெண்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ரேடியோ செட்டுப் போட வந்த ஜெயபால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "தாய்மாமன் நரிக்கரட்டு வீரையார் அவர்கள் சுற்றம் சூழச் சீர் கொண்டு வருகிறார்கள்" என்று அறிவித்தான். வீரையார் என்ற பேர் அவன் வாயில் அந்த நேரத்துக்கு வந்ததுதான், ஆனால் அதற்குப் பிறகு வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சீர் வந்தது. களாப்பழமும் தேனடையும் வீரைப்பழமும் முதலில் வந்தன. பின்னால், இத்தனை வருடமாக அந்தக் கரட்டில் ஊர் தொலைத்த சாமான் எல்லாம் கிளை கிளையாகத் தொங்கிக்கொண்டு வந்தது: பதினோரு அரிவாள், நாலு தூக்குச்சட்டி, எண்ண முடியாத ஒற்றைச் செருப்பு, முயல் விரட்டப்போன பரமன் தும்மியபோது விழுந்த பல்செட்டு, கல்யாணமான புதிதில் ஒச்சம்மாள் தொலைத்துவிட்டு மாமியாரிடம் ஏச்சு வாங்கிய கால் மெட்டி. பரமன் பல்லைக் கழுவிப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது பொருந்தவில்லை என்றாலும் கழற்றவில்லை.

யாழினி யாரும் சொல்லாமலே போய் வீரையின் வளைவில் ஏறி உட்கார்ந்தாள். அவள் அம்மா வருடக்கணக்காக உட்கார்ந்து தேய்ந்த இடம், பிள்ளை உட்கார அளவெடுத்த மாதிரி இருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "மாமா, பிள்ளை தலைய ஆடாமப் பிடிச்சுக்கங்க" என்றார். இரண்டு கிளைகள் மெதுவாக இறங்கின.

எட்டு வருடம் காத்திருந்து, மடி கிடைத்துவிட்டது, கேட்டவர் குறை சொல்ல முடியாத சீரும் வந்துவிட்டது, ஆனாலும் ஒச்சம்மாளுக்கு அண்ணன் வேண்டும். புதர் மடியில் பிள்ளை சிரிக்கும்போது, கதவுக்குப் பின்னால் நின்று வீட்டில் இல்லை என்று சொன்ன அந்த மடையன்தான் வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவாயைப் பார்த்தாள். மறைக்க ஒரு செடி இல்லாத அந்த மொட்டைக் கரட்டில், லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தான்.

"ஆசாரி, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். புதர் இல்லாத கணவாய் வழியாக ஜெயபாலின் ஒலிபெருக்கிச் சத்தம் நேராகப் போய் மொக்கராசின் வீட்டுக்குள் பாய்ந்துவிட்டது. சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மொக்கராசு, தாய்மாமன் இன்னார் சீர் கொண்டு வருகிறார் என்று கேட்டதும், கையைக் கழுவவும் இல்லை. தான் போகமாட்டேன் என்பது வேறு, தன் இடத்தில் இன்னொருவன் உட்காருவது வேறு. இந்த வித்தியாசம் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

"எவன்டா அவன் தாய்மாமன்? எந்திரிடா" என்று கத்திக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தவன், எதிரே வீரையைப் பார்த்தான். வீரை எழுந்திருக்கவில்லை.

"வந்த எடத்துல மரியாதையாப் பேசுங்க மச்சான்" என்றான் தங்கமலை. "அவரு வெத்தல வச்சு அழைச்சு வந்தவரு."

"என்னைய அழைச்சியளா?"

"அழைக்கத்தான் வந்தா. நீங்க வீட்டுல இல்லையாம்ல."

"யாரு சொன்னது?"

"நீங்கதான்."

மொக்கராசு சோறு காய்ந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். பரமனுக்குப் பல்செட்டு வேறு நழுவிக்கொண்டிருந்தது. ஆசாரிதான் பொறுமை இழந்தார்.

"எனக்கு அடுத்த ஊர்ல இன்னொரு காது இருக்குய்யா. மாமன் ரெண்டு பேரு, காதும் ரெண்டு. வலது காது மூத்தவரு மடியில, இடது காது இளையவரு மடியில. யாரு மூத்தவருன்னு மட்டும் சட்டுன்னு சொல்லுங்க."

மொக்கராசு வீரையின் அருகில் போனான். தூரில் ஒரு பழைய வெட்டு இருந்தது. அப்பாவின் அடிக்குப் பயந்து ஓடிவந்து தங்கச்சியும் அவனும் ஒளிந்த ஒரு நாளில், ஒன்பது வயதில், அவனே பேனாக்கத்தியால் போட்ட வெட்டு. அதைத் தடவிப் பார்த்தான். அப்போதே வீரைக்கு இடுப்பு வளைந்திருந்தது.

"அண்ணனுக்கே வலது காது" என்றான் மொக்கராசு, தரையைப் பார்த்துக்கொண்டு.

வலது காது வீரையார் மடியில் குத்தப்பட்டது, இடது காது மொக்கராசு மடியில். யாழினி வலதுக்கு அழவில்லை, இடதுக்கு அழுதாள். மாமா தலையைச் சரியாகப் பிடிக்காததுதான் காரணம் என்று பின்னால் சொன்னாள்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விருந்தாளிகள் போகவில்லை. வீரையார் பந்தலில் இருந்தார். அவர் இருக்கும்வரை மொக்கராசும் போகமாட்டேன் என்றான். "அவரு கெளம்பட்டும், அடுத்த நிமிசம் நான் கெளம்புறேன். முந்திப் போனா எவன் மதிப்பான்?" என்று கயிற்றுக் கட்டிலை வீரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதி போன் செய்து கேட்டதற்கும் இதே பதில்தான்.

ஒரு நாள் இரண்டு நாளாகி, ஐந்தாகி, பத்தாகிவிட்டது. விருந்தாளியைப் போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் ஒதுங்கிக் கொடுத்தது. மினிபஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் விராலிகளுக்கு ஆரன் அடித்து, அவை நகரும்வரை காத்திருந்து போனது. பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்த களாக்களை வாத்தியார் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். முள்ளம்பன்றிக்கு நூலகத்துப் படிக்கட்டு பிடித்துப்போய்விட்டது. ஒரு நாள் காட்டிலாகா கார்டு ஒருவர் மொட்டைக் கரட்டைப் பார்த்துப் பதறிப்போய் ஊருக்குள் வந்தார்.

"இங்க இருந்த காடு எங்கய்யா?"

"விருந்துக்கு வந்திருக்கு சார்" என்றான் தங்கமலை.

"எப்பத் திரும்பிப் போகும்?"

"அத எப்படி சார் கேக்குறது?"

கார்டும் நாலு விசேஷ வீட்டைப் பார்த்தவர்தான். கேட்க முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டு, கருப்பட்டி போட்ட கழனித்தண்ணீர் ஒரு டம்ளர் தானும் குடித்துவிட்டுப் போனார்.

உண்மை என்னவென்றால், விருந்தாளிகள் போகாததற்குக் காரணம் ஒச்சம்மாள். வந்தவர்களை அழைத்தவர்தான் தாம்பூலம் கொடுத்து வழியனுப்ப வேண்டும். அவள் இன்னும் கொடுக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை வேண்டாம், இன்றைக்கு அஷ்டமி என்று தள்ளிக்கொண்டே போனாள். ஏனென்றால் வீரை போன மறுநிமிடம் அண்ணன் போய்விடுவான். இப்போது கட்டிலில் உட்கார்ந்து, "ஒச்சு, கொழம்புல புளி தூக்கலா இருக்கு" என்று சின்ன வயதில் சொன்ன அதே குறையைச் சொல்கிறான். அந்தக் குறையைக் கேட்பதற்காகவே அவள் தினமும் புளியைக் கூடக் கரைத்தாள். அவன் போனால் மறுபடி நடுவில் புதர் அடைத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பதே தெரியாமல் போகும், இன்னொரு எட்டு வருடம் போகும். அவளுக்கு அது பயமாக இருந்தது.

ஆனி பிறப்பதற்கு முன்னாலேயே காற்று ஆரம்பித்தது. பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லாத கரட்டு மண், சோற்றில் விழுந்தது, கண்ணில் விழுந்தது, உலையில் விழுந்தது. அடிவாரக் கிணற்றில் எந்தக் கோடையிலும் நிற்காத ஊற்று நின்றுபோனது. ஊர் ஒச்சம்மாளைப் பார்த்துக்கொண்டு மண்ணைத் துப்பியது. பதினோராம் நாள் காலை அவள் வாசல் கூட்டியபோது விளக்குமாற்றில் ஓர் இலை மாட்டியது. வீரையின் இலை. மஞ்சள். நிமிர்ந்து பார்த்தாள், உச்சியில் இன்னும் நாலைந்து மஞ்சள் இருந்தது. தீ வைத்தபோதும் மறுபடி பச்சையானவர், ஏழு மாதம் மழை இல்லாதபோதும் ஓர் இலை வாடாதவர், அவள் வீட்டு வாசலில் நின்று மஞ்சளாகிக்கொண்டிருக்கிறார். போகச் சொல்லாததால் நிற்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய், வெற்றிலை பாக்கும் புது வேட்டியும் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். வேட்டியை வீரையின் வளைந்த இடுப்பில் கட்டினாள், வெற்றிலையைக் கிளைப் பிரிவில் வைத்தாள். "கொறையில்லாம நடத்திக் குடுத்தீங்க. போய்ட்டு வாங்கண்ணே" என்று சொல்லி, குனிந்து தூரைத் தொட்டுக் கும்பிட்டாள். தெரு முழுக்க வேர்கள் சுருட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

கட்டிலில் இருந்து மொக்கராசு எழுந்து உட்கார்ந்தான். "அவ்வளவுதானா?" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அவ்வளவுதாண்ணே."

அவனுக்கு ஏதாவது செய்யத் தோன்றியது. பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவரைச் சும்மா எப்படி அனுப்புவது? மடியில் இருந்த வெற்றிலைப் பையைப் பிரித்து, இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து, வீரையின் கிளையில் வைத்தான். இரண்டு கையையும், தன் சொந்தக் கையை, கூப்பினான்.

"அண்ணே, நம்ம வீட்டுக்கும் ஒருநா வரணும். குடும்பத்தோட, சாதிசனத்தோட, நண்டுசிண்டு ஒண்ணு விடாம."

இந்த ஆட்களிடம் உபசாரத்துக்காக எதையும் சொல்லக்கூடாது, சொன்னால் சொன்னதுதான் என்று எச்சரிக்க ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் கரடு பச்சையாகிவிட்டது. மொக்கராசு சாயங்காலம் கிளம்பினான். வாசலில் நின்று அவன் வா என்று சொல்லவில்லை, அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. புதருக்குள் நுழைந்து மறைந்துவிட்டான். அன்றைக்கு ஒச்சம்மாள் வைத்த குழம்பில் புளி சரியாக இருந்தது, அவளால்தான் சாப்பிட முடியவில்லை. கிணற்றில் ஊற்று திரும்பியது, மண் அடங்கியது, ஆடுகள் கரடு ஏறின. வீரையின் இடுப்பில் வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் இலை ஒன்றுகூட இல்லை.

ஆனி கடைசி வாரம், ஒரு காலையில் வாளியோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரடு மறுபடி மொட்டை. கணவாய்க்கு அந்தப் பக்கம், கள்ளிமேட்டு முதல் வீட்டு வாசலில் இருந்து தெருக்கோடி வரை பச்சையாகக் கூட்டம் நின்றது. அதற்கு நடுவில் மொக்கராசு, ஒரு செம்பை வைத்துக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி காலை ஷிப்டுக்குப் போயிருக்க வேண்டும். ஓடியவன் திடீரென்று நின்று, கிழக்கே திரும்பி, கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"ஏத்தா ஒச்சூ! வாத்தா! எல்லாரும் வந்துட்டாகத்தா! எனக்கு ஒண்ணும் புரியலத்தா, நீ வாத்தா!"

இடையில் ஒரு செடி இல்லாததால், பக்கத்தில் நின்று கூப்பிட்ட மாதிரிக் கேட்டது.

வாளி கவிழ்ந்த சத்தத்தில் தங்கமலை வெளியே வந்தான். "என்னவாம் மச்சானுக்கு?"

"கூப்புடுறாரு."

"வெத்தல பாக்கு வச்சா கூப்புடுறாரு?"

அதற்குள் அவள் பாதித் தெரு போய்விட்டாள். "வீட்டுக்கு ஆளு வந்து வாசல்ல நிக்கிறாக, வெத்தலையாம் வெத்தல" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல், ஒச்சம்மாள் கரட்டில் ஏறி ஓடினாள்.